வெளிநாடு போவது எளிதா, கடினமா?

(குடிபெயர்ந்தோர் ஞாயிறையொட்டி வானொலியில் ஆற்றிய மறைச்சிந்தனை)



செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறைக் குடிபெயர்ந்தோருக்கும் அகதிகளுக்குமான உலக நாளாகத் திருச்சபை கடைப்பிடிக்கிறது. 1914ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. முதல் உலகப்போர் தொடங்கிய அந்தக் காலத்தில், பிழைப்புத் தேடி இத்தாலியை விட்டுக் கடல் கடந்த ஏழைகளுக்காகச் செபிக்கவும் உதவி திரட்டவும் ஏற்படுத்தப்பட்டது. இன்றைக்கு நம் ஊரில் எந்த அன்பியத்தை எடுத்தாலும், ஒருவராவது கடலுக்கு அப்பால் இல்லாத அன்பியத்தைக் காண்பது அரிது. ஆகவே இது நம்முடைய ஞாயிறும்தான்.

பங்கு அலுவலகத்துக்கு வரும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாமி, வெளிநாடு போறது ஈசியா, கஷ்டமா?" கடவுச்சீட்டில் ஒரு பெயர், திருமுழுக்குப் பதிவேட்டில் இன்னொரு பெயர், பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது பெயர் என்று மூன்று தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், எந்த நாட்டுக்கு, எந்த வேலைக்கு, எவர் மூலமாக, எவ்வளவு காலத்துக்கு என்று நான்கையும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இன்று அதைத்தான் உங்களோடு சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். மறையுரையில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆண்டவர் பெயரைச் சொல்லியே நம்மிடம் பணம் வாங்கிப் போகிற முகவர்கள் இருக்கும்போது, ஆண்டவரின் பெயரால் அதைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை.

முதலில் வளைகுடா நாடுகள். நம் மக்களில் பெரும்பகுதியினர் போவது அங்கேதான்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டில் 'ஈசிஆர்' என்று இருக்கும். குடிபெயர்வு அனுமதி தேவை என்பது அதன் பொருள். தேறியவர்களுக்கு அது இராது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, ஈசிஆர் கடவுச்சீட்டு உள்ள ஒருவர் வேலைக்காகக் குறிப்பிட்ட 18 நாடுகளுக்குப் போகுமுன், குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரிடம் அனுமதி பெற வேண்டும். சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய ஆறும் அந்தப் பட்டியலில் உண்டு. மலேசியா, தாய்லாந்து, ஈராக், லிபியா போன்றவையும் உண்டு. சென்னையில் இந்த அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பம் எல்லாம் இப்போது 'ஈ-மைக்ரேட்' என்ற இணையதளத்தின் வழியாக நடக்கிறது.

இந்த ஈசிஆர் என்ற சொல்லை நம் பிள்ளைகள் ஓர் அவமானமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். படிக்காதவன் என்று முத்திரை குத்திவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. அந்த அனுமதி கொடுக்கும்போது அலுவலர் என்ன பார்க்கிறார்? வேலை ஒப்பந்தம் இருக்கிறதா, அதில் சம்பளம் எழுதியிருக்கிறதா, அனுப்பும் முகவருக்கு உரிமம் இருக்கிறதா, காப்பீடு எடுத்தாயிற்றா என்று பார்க்கிறார். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று அந்தக் காப்பீட்டுக்குப் பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக உடல் முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒரு வேளை பிரியாணிக்குச் செலவழிக்கும் காசு அது. ஆனால் அந்த அனுமதி வழியில் போகாதவருக்கு அது இல்லை.

போகாதவர் எப்படிப் போகிறார்? 'விசிட் விசா'வில் போகிறார். சுற்றிப்பார்க்கப் போகிறவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. "விமான நிலையத்துல கேட்டா அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லு தம்பி, அங்க போய் ரெண்டு வாரத்துல மாத்திக்கலாம்" என்பார் முகவர். போய் இறங்கிய பிறகு மாற்றிக் கொடுத்தால் கொடுத்தது. கொடுக்காவிட்டால் அந்த இளைஞன் அந்த நாட்டில் சட்டவிரோதமாக இருப்பவன் ஆகிவிடுகிறான். ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறும். சம்பளம் கொடுக்காத முதலாளியைப் பற்றிப் புகார் சொல்லப் போனால், முதலில் அவனே பிடிபடுவான். விசிட் விசாவில் போவதுதான் மிக எளிது, நேயர்களே. அதனால்தான் அதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

அடுத்தது பணம். ஒரு முகவர் வேலைக்கு அனுப்புவதற்காக வாங்கக்கூடிய கட்டணத்துக்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 30,000 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400 ரூபாய். அதற்கு ரசீதும் தர வேண்டும். இதை ஞாயிறு திருப்பலி முடிந்து அறிவிப்பில் ஒருமுறை சொன்னபோது, கோயிலுக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்துப் பிள்ளையை அனுப்பியவர்கள் பலர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு லட்சம் ரூபாயை நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டிக்கு வாங்குகிறோம் என்று வையுங்கள். மாதம் 6,000 ரூபாய் வட்டி. பையனுக்கு அங்கே நம் பணத்தில் 25,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கும் தொலைபேசிக்கும் 5,000 போகும். வட்டிக்கு 6,000. வீட்டில் மனைவி, பிள்ளைகள், அம்மாவின் மருந்துக்கு என்று குறைந்தது 10,000. மிச்சம் 4,000. வட்டிக்காரர் அசலை மொத்தமாகத்தான் வாங்குவேன் என்பார்; அதுவரை வட்டி ஒரு ரூபாய்கூடக் குறையாது. இரண்டாண்டு ஒப்பந்தம் முடியும்போது அந்தப் பையன் சேர்த்து வைத்திருப்பது 96,000 ரூபாய். வாங்கிய கடனில் பாதிகூட இல்லை. இரண்டு ஆண்டுகளாக அவன் வட்டிக்காரருக்கு மட்டும் 1,44,000 ரூபாய் கொடுத்திருக்கிறான். இதில் ஒரு மாதம்கூடச் சம்பளம் தவறவில்லை, காய்ச்சல் வரவில்லை, வீட்டில் ஒரு சடங்கும் நடக்கவில்லை என்று வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம். அதே பையன் 35,400 ரூபாயோடு போயிருந்தால், ஓராண்டுக்குள் கடன் தீர்ந்து மூச்சு விட்டிருப்பான்.

ஆக, வளைகுடாவுக்குப் போவது எளிது என்று சொல்லும்போது, விமானம் ஏறுவதை மட்டும்தான் சொல்கிறோம். அங்கே வாழ்கிற உரிமை முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. 'கஃபீல்' என்கிற பொறுப்பாளரின் பெயரில்தான் 'இக்காமா' என்ற குடியிருப்பு அட்டை கிடைக்கும். சில நாடுகளில் இந்த முறை அண்மை ஆண்டுகளில் தளர்ந்திருக்கிறது. கத்தார் 2020இலும் சவூதி 2021இலும் வேலை மாறுவதற்கான கட்டுப்பாடுகளைக் குறைத்தன. தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது அந்த நாடுகளின் சட்டப்படியே குற்றம். இருந்தாலும் அது நடக்கிறது. இருபது ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை கிடைக்காது. வேலை முடிந்தால் திரும்ப வேண்டியதுதான்.

நம் கடலோரப் பங்குகளிலிருந்து மீன்பிடி வேலைக்கு வளைகுடா போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. பிடித்த மீனில் பங்கு. மீன் பாடு குறைந்தால் வருமானமும் குறையும். மீனைத் தேடிப் போகும்போது கண்ணுக்குத் தெரியாத கடல் எல்லையைத் தாண்டி, மூன்றாவது ஒரு நாட்டின் சிறையில் போய் இருந்தவர்களும் நம்மில் உண்டு. படகு முதலாளி ஒரு நாடு, பிடித்தவர் ஒரு நாடு, மீனவர் ஒரு நாடு. அந்த வழக்கில் யாரிடம் போய்க் கேட்பது என்றே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது.

2024 ஜூன் 12ஆம் நாள் அதிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது நினைவிருக்கும். கொச்சி விமான நிலையத்துக்கு 45 இந்தியர்களின் உடல்கள் வந்தன. அவர்களில் 7 பேர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் எந்த விதியையும் மீறி அங்கே போனவர்கள் அல்லர். கவனமாக இருந்தால் எல்லாம் நன்றாக நடந்துவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, படித்தவர்களின் வழி. பத்தாம் வகுப்பு தாண்டியவர், பட்டதாரி, செவிலியர், பொறியாளர். இவர்களுக்கு ஈசிஆர் தொல்லை இல்லை. அதனாலேயே தங்களுக்கு ஆபத்தில்லை என்றும் நினைத்துவிடுகிறார்கள். 2022இல் என்ன நடந்தது? தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன நம் இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே இணையம் வழியாக மற்றவர்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலை. மறுத்தால் அடி. இந்தியத் தூதரகம் மீட்டுக் கொண்டுவந்தவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள்.

கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கின்றன. வயது, படிப்பு, ஆங்கிலத் தேர்வு, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். கனடாவின் முறையில் 20 முதல் 29 வயது வரை வயதுக்கான முழு மதிப்பெண் கிடைக்கும். அதன்பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து 45 வயதில் ஒன்றுமில்லாமல் போகும். பெற்றோரைக் கவனித்துவிட்டு, தங்கைக்குத் திருமணம் முடித்துவிட்டு, பிறகு போகலாம் என்று காத்திருக்கிற மூத்த மகனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறும் அனுமதியில், எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் தருவதில்லை என்ற விதி இருக்கிறது. சிறிய நாடானாலும் இந்தியாவானாலும் ஒரே வரம்பு. ஆகவே நம்மவர்களின் வரிசை மிக நீளம். அப்பா வரிசையில் நிற்கும்போதே பிள்ளைக்கு 21 வயது ஆகி, அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து பிள்ளையின் பெயர் விழுந்துவிடுவதும் நடக்கிறது.

விதியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. இங்கிலாந்தில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு நம் பெண்கள் நிறையப் பேர் போனார்கள். 2024 மார்ச் முதல் அந்த வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துப்போக முடியாது என்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நகையை அடகு வைத்துப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் கட்டணம் கட்டியவர்களுக்கு அந்தப் பணத்தை யார் தருவது?

இத்தனையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் போகவேண்டாம் என்கிறாரா சாமியார்?" என்று கேட்பீர்கள். இல்லை. திருச்சபை அப்படிச் சொல்லவில்லை.

1952 ஆகஸ்டு முதல் நாளில் திருத்தந்தை 12ஆம் பயஸ், குடிபெயர்ந்தோரைப் பற்றி ஒரு திருத்தூது ஆவணம் வெளியிட்டார். எகிப்துக்குத் தப்பிச் சென்ற திருக்குடும்பத்தையே எல்லாக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக அதில் காட்டினார். 1963இல் திருத்தந்தை 23ஆம் யோவான் 'அவனியில் அமைதி' என்ற சுற்றுமடலில், தக்க காரணம் இருந்தால் வேறு நாட்டுக்குச் சென்று வாழ்வது மனித உரிமைகளில் ஒன்று என்று எழுதினார். திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரு தரப்புக்கும் கடமை சொல்கிறது. வசதியுள்ள நாடுகள் தங்களால் இயன்ற அளவு வருவோரை ஏற்க வேண்டும். வருவோர் அந்த நாட்டின் சட்டத்தையும் மரபையும் மதிக்க வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2023ஆம் ஆண்டின் உலக நாளுக்கு எடுத்துக்கொண்ட கருத்து இன்னும் நம்மைத் தொடுகிறது. போவதா, இருப்பதா என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரம். போகும் உரிமைக்கு முன்பே, சொந்த ஊரில் மாண்போடு வாழும் உரிமை இருக்கிறது. ஊரிலேயே வேலையும் நியாயமான கூலியும் இருந்தும் ஒருவர் போகிறார் என்றால் அது அவருடைய தேர்வு. வேறு வழியே இல்லாமல் போகிறார் என்றால், அங்கே தேர்வு எங்கே இருக்கிறது?

திருக்குடும்பத்தின் பயணத்தையே சற்று நிதானமாகப் பாருங்கள். மத்தேயு நற்செய்தி 2ஆம் பிரிவு. யோசேப்பு இரவோடு இரவாகப் புறப்படுகிறார். விசா கேட்டதாக எழுதவில்லை! அந்தக் காலத்தில் எகிப்து உரோமையரின் நேரடி ஆட்சியில் இருந்த மாநிலம், கி.மு. 30 முதல் அப்படித்தான். யூதேயாவில் உரோமையரின் தயவில் ஏரோது அரசாண்டான். எகிப்தின் எல்லையைத் தாண்டிவிட்டால் ஏரோதின் வாளுக்கு எட்டாது. அங்கே அலெக்சாந்திரியாவில் பெரிய யூதக் குடியிருப்பும் இருந்தது. அதாவது, யோசேப்பு போன இடத்தில் அவருடைய மொழியும் செபமும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தச்சுத் தொழில் கையில் இருந்தது. ஞானிகள் கொடுத்த பொன் வழிச்செலவுக்கு உதவியிருக்கும் என்று சொல்வோரும் உண்டு. நம் பிள்ளைகளும் அப்படித்தானே போகிறார்கள்? தெரிந்த ஒருவர் இருக்கும் ஊருக்கு, தெரிந்த ஒரு தொழிலோடு.

ஆனால் அந்தப் பகுதியின் கடைசியை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஏரோது இறந்தபின் திரும்பி வருகிற யோசேப்பு, அவன் மகன் அர்க்கெலா ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு, யூதேயாவுக்குப் போக அஞ்சுகிறார். வடக்கே கலிலேயாவுக்குப் போய் நாசரேத்தில் குடியேறுகிறார். திரும்பி வருவதும் அவருக்கு எளிதாக இல்லை. பதினைந்து ஆண்டு கழித்துத் திரும்புகிற நம் ஆண்களைப் பாருங்கள். வீடு அவர்கள் பணத்தில் கட்டியது. ஆனால் அந்த வீட்டில் எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மகள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அம்மாவின் பக்கமே திரும்பிக்கொள்கிறாள். இவர்களைப் பார்த்து, "எப்ப மறுபடி போறீங்க?" என்று முதல் கேள்வியாகக் கேட்கிற வழக்கத்தை நாம் விட்டுவிடலாம்.

ரூத்து நூலில் வரும் நகோமியும் அப்படித்தான். பெத்லகேமில் பஞ்சம் என்று கணவரோடும் இரு மகன்களோடும் மோவாபுக்குப் போனவர். மூவரையும் அங்கே புதைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். கூடவே வந்தார் மருமகள் ரூத்து. இப்போது அந்நிய நாட்டவர் ரூத்து. மோவாபியரைச் சபையில் சேர்க்கக் கூடாது என்று இணைச்சட்ட நூலில் கடுமையான விதி இருந்தது. ஆனால் அறுவடையில் சிந்திய கதிரை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்ற இன்னொரு விதி லேவியர் நூலில் இருந்தது. போவாசு இந்த இரண்டாவது விதியைக் கையில் எடுத்தார். அந்த மருமகளின் வழிமரபில்தான் தாவீதும், தாவீதின் மகன் இயேசுவும் பிறந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. நம் ஊர்க் கட்டட வேலைக்கும் பனியன் ஆலைக்கும் உணவகத்துக்கும் ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கிற இளைஞர்களில் கத்தோலிக்கர் பலர். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நிற்பார்கள். தமிழ் மறையுரை ஒரு வார்த்தையும் புரியாது; நற்கருணைக்கு மட்டும் முன்னே வருவார்கள். நம் பிள்ளைகளும் அபுதாபியிலும் பஹ்ரைனிலும் அப்படி நின்றவர்கள்தான். அங்கே இப்போது தமிழ்த் திருப்பலி நடக்கிறது. 2021இல் பஹ்ரைனின் அவாலியில் அரேபியாவின் அன்னைக்கு ஒரு பேராலயமே எழுந்தது. மறு ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே வந்து செபித்தார். சவூதியில் கோயிலே கிடையாது என்பதையும் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும். இங்கே கடைசி வரிசையில் நிற்கும் அந்தத் தம்பிகளிடம், திருப்பலி முடிந்ததும் பெயர் என்ன என்று இந்தியிலோ கையசைத்தோ கேட்க யாராவது இருந்தால் நன்றாக இருக்கும்.

போகத் தீர்மானித்துவிட்டவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. முகவரிடம் பணம் கொடுக்குமுன் உரிம எண்ணைக் கேளுங்கள். ஈ-மைக்ரேட் தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், அவர் உங்கள் மைத்துனராகவே இருந்தாலும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. அங்கும் பதிவு செய்யலாம். ஈசிஆர் கடவுச்சீட்டில் வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் 30 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. வயதைக் கூட்டிப் போட்டுத் தருகிறேன் என்பவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. ஒப்பந்தத்தை விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவு வாங்காதீர்கள். முன்பே வாங்கி, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சம்பளம், வேலை நேரம், திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு என்று பாருங்கள்.

கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், காப்பீடு, முகவர் கொடுத்த ரசீது ஆகிய ஐந்தின் நகலையும் மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு அங்கே ஏதாவது நேர்ந்தால், தூதரகத்துக்கு மனு எழுத அவர்களிடம் இருப்பது அந்தத் தாள்கள் மட்டும்தான். எங்கள் பங்கு அலுவலகத்திலும் இதற்காக ஒரு கோப்பு வைத்திருக்கிறோம். மாலைத் திருப்பலிக்குப் பிறகு வந்தால் நகல் எடுத்துக்கொள்ளலாம், உரிம எண்ணையும் கணினியில் பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் எதுவும் இல்லை.